புளி போட்டுத் துலக்கிய காசு

செப்புக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கத் தெரியாத பெண் நம்மில் யாராவது உண்டா? ஒரு உருண்டை பழம்புளி, ஒரு பிடி கல் உப்பு, கொஞ்சம் தேங்காய் நார். ஐந்தே நிமிஷம்! கறுத்துக் கிடந்த குடம் கல்யாணப் பெண் மாதிரி ஜொலிக்கும். அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. அந்தக் கர்வம்தான் என்னை மாட்டி வைத்தது.

என் மாமனாருக்குப் பூர்வீகம் கரூர். இப்போது எங்களோடு திருச்சியில் இருக்கிறார். அவருடைய பெட்டியில் ஒரு பழைய மூக்குப்பொடி டப்பா. அதற்குள் பஞ்சில் சுற்றிய ஒரு காசு. வட்டமாக இல்லை, சதுரமாக, கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். கறுப்பும் பச்சையுமாக, பார்த்தால் ஆணித் துண்டோ என்று தோன்றும். சின்ன வயதில் ஆற்றில் கிடைத்ததாம். கண் பார்வை மங்கிப்போன பிறகும் தினம் சாயங்காலம் அதை எடுத்துக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருப்பார். அதில் அப்படி என்ன இருக்கிறது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

அவருக்கு எண்பது வயது நிறைந்த நாள் வந்தது. வேஷ்டி, துண்டு, பாயசம் எல்லாம் எல்லோரும் செய்வதுதானே? நான் தனியாக ஏதாவது செய்ய வேண்டாமா? முதல் நாள் ராத்திரி அந்தக் காசை ரகசியமாக எடுத்து, புளியும் உப்பும் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தேன். புதுப் பைசா மாதிரி சிவந்து மின்னியது. காலையில் நமஸ்காரம் பண்ணிவிட்டு, “மாமா, பாருங்க!” என்று கையில் வைத்தேன்.

அவர் கட்டைவிரலால் ஒரு தரம் தடவினார். திருப்பி இன்னொரு தரம் தடவினார். மெதுவாகக் கேட்டார்:

“ஆனை எங்க அம்மிணி?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது. அந்தக் காசில் ஒரு யானை இருந்திருக்கிறது. அவர் தினமும் தடவியது அதன் முதுகைத்தான். நான் அதைத் தேய்த்தே கரைத்துவிட்டேன்!

“போச்சாது, உடு” என்று காசைப் பஞ்சில் சுற்றி டப்பாவில் வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அன்று வைத்த பாயசம் என் தொண்டையில் இறங்கவில்லை.

கரூருக்கு ஒரு பயணம்

மே மாதம் நாத்தனார் வீட்டில் காதுகுத்து. ஏழாவது படிக்கும் என் மகளோடு கரூருக்குப் புறப்பட்டேன். மாமனாரிடம் கேட்டு அந்தக் காசையும் எடுத்துக்கொண்டேன். “அங்கே யாராவது விவரம் தெரிந்தவரிடம் காட்டிக் கேட்கிறேன் மாமா” என்றேன். “இனி என்னத்தக் காட்டி...” என்றார். ஆனால் தடுக்கவில்லை.

திருச்சியிலிருந்து கரூர் போகிற சாலை ஓர் அழகு. குளித்தலை, மாயனூர் என்று காவிரி கூடவே வரும். இந்தப் பக்கம் வாழை, அந்தப் பக்கம் தண்ணீர். கரூரை நெருங்க நெருங்க வாழை குறைந்து கட்டடங்கள் தலைகாட்டும். பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறைகள், கொசுவலை நெய்கிற ஆலைகள், தறிச் சத்தம். நம் வீட்டுத் திரைச்சீலையும் மேஜை விரிப்பும் போர்வையும் இங்கேயிருந்துதான் கடல் தாண்டிப் போகின்றன. பஸ் நிலையத்துப் பக்கம் பொரியும் காரச் சட்னியுமாகக் கலந்து தரும் ‘கரம்’ என்ற தீனி உண்டு. என் மகள் கண்ணில் தண்ணீர் வழிய வழிய இரண்டு பொட்டலம் தின்றாள்!

வெளிநாட்டு வியாபாரம் இந்த ஊருக்குப் புதுசு இல்லையாம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி என்ற கிரேக்க அறிஞர், சேர அரசரின் தலைநகரைக் ‘கரூரா’ என்று எழுதி வைத்திருக்கிறார். சங்க காலத்து வஞ்சி மாநகரம் இதுதான் என்று பல அறிஞர்கள் சொல்கிறார்கள். மேற்குக் கடற்கரை முசிறித் துறைமுகத்திலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக, கொடுமணலைத் தொட்டுக்கொண்டு வணிகர் பாதை இங்கே வந்தது. 1970-களில் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறையினர் கரூரில் குழி வெட்டிப் பார்த்தபோது, ரோமாபுரியிலிருந்து வந்த மது ஜாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன.

காதுகுத்து முடிந்த மறுநாள் காலையில் பசுபதீஸ்வரரைத் தரிசித்துவிட்டு, அமராவதி ஆற்றுப் பாலத்தில் போய் நின்றோம். ஆன்பொருநை என்று சங்கப் புலவர்கள் சொன்ன ஆறு இதுதான். கோடை என்பதால் மணலும் நாணலும்தான் அதிகம். நடுவில் ஒரு கோடு போலத் தண்ணீர். “இந்த மண்ணிலேயா காசு கிடைக்கும்?” என்று மகள் நம்பாமல் பார்த்தாள்.

கிடைத்திருக்கிறது! சேரர் காசு, பாண்டியர் காசு, ரோமானியர் காசு எல்லாம் இந்த ஆற்றுப் படுகையில் கிடைத்திருக்கின்றன. பொன் துகளுக்காக மணலைத் தட்டில் அள்ளி அரித்தவர்கள் கையில் காசும் அகப்பட்டது. அது பழம்பாத்திரக் கடைக்குப் போனது, அங்கிருந்து சேகரிப்பவர்களிடம் போனது. இதைக் கேட்டதும் நானும் ஒரு முறத்தோடு இறங்கிவிடலாமா என்று நினைத்தேன். நாத்தனாரின் வீட்டுக்காரர் சிரித்துவிட்டு, “அதுக்கு முன்னால எங்க வாத்தியாரைப் பாத்துட்டு வந்துருங்க” என்று அனுப்பி வைத்தார்.

வாத்தியாரின் மேஜை

ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் அவர். நாற்பது வருஷமாகக் காசு சேர்க்கிறார். பெரிய பணக்காரர் இல்லை. “தங்கக் காசு ஒண்ணுகூட என்கிட்டக் கெடையாதுங்க. எல்லாம் செம்புதான். மாசம் ஒரு காசு, அதுவும் சம்பளத்துல மிச்சம் புடிச்சு” என்றார். அவர் மனைவி மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, “எனக்கு நகை வாங்கியிருந்தா இந்நேரம் ஒரு மாலையாவது ஆயிருக்கும்” என்று சிரித்தார்.

கைக்குட்டையை அவிழ்த்துக் காசை எடுத்து வைத்தேன். அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“புளியா?”

“புளியும்... உப்பும்.”

“அடடா! புளியக்கூடப் பொறுத்துக்கலாம். உப்புதானுங்க எமன்.”

பிறகு பொறுமையாக விளக்கினார். செம்பு ஆயிரக்கணக்கான வருஷம் மண்ணில் கிடக்கும்போது மேலே ஒரு கறுப்பு, பச்சைத் தோல் உண்டாகிறது. அது அழுக்கு இல்லையாம்! காசின் உருவமும் எழுத்தும் பல சமயம் அந்தத் தோலில்தான் மிஞ்சியிருக்கும். உள்ளே இருக்கும் செம்பு அரித்துப் போயிருக்கும். தோலை உரித்தால் உருவமும் அதோடு போய்விடும். உப்போ அதைவிட மோசம். அதிலுள்ள குளோரைடு செம்புக்குள் புகுந்துகொண்டு, ஈரம் பட்டபோதெல்லாம் அரிக்கும். மழைக்காலத்தில் காசின் மேல் வெளிர்ப்பச்சையாய் மாவு பூத்தாற்போல் வரும். சேகரிப்பவர்கள் இதை ‘வெண்கல நோய்’ என்கிறார்கள்.

“வைத்தியம் உண்டா?” என்று அம்மை கண்ட குழந்தையின் தாய் மாதிரி கேட்டேன்.

“உண்டுங்க. பாட்டரிக்கு ஊத்தற வாலை நீர் கடையில விக்கும். அதுல ஊறப் போடுங்க. ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா தண்ணிய மாத்துங்க. சில வாரம் ஆகும். அப்புறம் நல்லா ஈரம் போகக் காயவெச்சு, காத்துப் படாத டப்பியில வையுங்க. போன உருவம் திரும்பாது. இருக்கறது மிஞ்சும்.”

அப்புறம் ஜன்னலைச் சாத்தச் சொன்னார். கைவிளக்கைக் காசுக்கு நேர் மேலே பிடிக்காமல், மேஜையோடு மேஜையாகப் படுக்கை வாட்டத்தில் பிடித்தார். காசை மெல்லத் திருப்பினார். ஒரு பக்கம் வெறும் வழவழப்பு. மறுபக்கம்... ஒரு வளைவு, குறுக்கே ஒரு கோடு!

“வில்லும் அம்பும்! சேரன் காசு, பாத்தீங்களா?”

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இரண்டாயிரம் வருஷத்துக் காசு! அதைத்தான் நான் பித்தளை விளக்குக்குப் பக்கத்தில் போட்டுத் தேய்த்திருக்கிறேன்.

“யானைப் பக்கத்தில் எழுத்து இருந்திருக்குமா?” என்று கேட்டேன்.

“இந்த மாதிரிச் சதுரக் காசுல பெரும்பாலும் பேரு இருக்காதுங்க. ஆனா இருந்துதா, இல்லையான்னு இனி யாரும் சொல்ல முடியாது.”

அந்த ஒரு வாக்கியம்தான் என்னை ரொம்பக் குத்தியது. ஏன் என்றால் அடுத்து அவர் சொன்ன கதை அப்படி. சங்க கால அரசர்கள் தங்கள் பெயரைப் பொறித்துக் காசு வெளியிட்டார்களா என்று வெகு காலம் சந்தேகமாகவே இருந்ததாம். தினமலர் ஆசிரியராக இருந்து 2021-ல் மறைந்த இரா. கிருஷ்ணமூர்த்தி 1980-களில் ஒரு சதுரச் செப்புக் காசை ஆராய்ந்து வெளியிட்டார். ஒரு பக்கம் குதிரை, மறுபக்கம் மீன். குதிரைக்கு மேலே பழைய தமிழ் பிராமி எழுத்தில் ‘பெருவழுதி’ என்ற பாண்டியன் பெயர்! அதன் பிறகு ‘மாக்கோதை’, ‘குட்டுவன் கோதை’, ‘கொல்லிப்பொறை’ என்று சேரர் பெயர் பொறித்த காசுகளும் வெளிச்சத்துக்கு வந்தன. எழுத்து ஒவ்வொன்றும் கடுகு அளவு. எங்காவது ஒரு மருமகள் அதற்கு முன்னால் புளியோடு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

தவளையா, ராஜராஜனா?

நான் மூக்கைச் சிந்துவதைப் பார்த்து, பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, தகர டப்பாவைத் திறந்து என் மகள் கையில் ஒரு வட்டக் காசைக் கொடுத்தார். “இது என்ன, சொல்லு கண்ணு.”

“தவளை மாதிரி இருக்கு தாத்தா!”

“தவளை இல்ல, ஆளு நிக்கறாரு. கையில பூ. திருப்பு. இங்க உக்காந்திருக்காரு. கைக்குக் கீழ மூணு வரி எழுத்து தெரியுதா?”

நாகரி எழுத்து. பள்ளிக்கூடத்தில் ஹிந்தி படிக்கிறவளாதலால் எழுத்துக் கூட்டினாள்: “ஸ்ரீ... ராஜ... ராஜ...” அவள் கண் அகல விரிந்தது. “தஞ்சாவூர்க் கோயில் கட்டினவரா?”

அவரேதான்! கி.பி. 985 முதல் 1014 வரை ஆண்ட ராஜராஜ சோழன். சுமார் நான்கு கிராம் எடையுள்ள இந்தச் செப்புக் காசு ஏராளமாகக் கிடைப்பதால் விலையும் சொற்பம். வாத்தியார் ஒன்றை நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கினாராம். ஒரு சினிமாவுக்குக் குடும்பத்தோடு போனால் ஆகிற செலவுகூட இல்லை.

இன்னொரு காசை எடுத்தார். அச்சு அசல் அதே ஆள், அதே பூ. “இதுல பேரு மட்டும் வேற. படி.”

“ஸ்ரீ ராஜ... லீலாவதி! பெண் பேரா?”

ஆமாம் சகோதரிகளே, ஒரு ராணியின் காசு! ராஜராஜனின் படை இலங்கையின் வட பகுதியைப் பிடித்தபோது அவன் காசும் கூடவே போனது. 1070-ல் சோழர் ஆட்சி அங்கே முடிந்த பிறகும் அந்த நாட்டு அரசர்கள் அதே உருவத்தை வைத்துத் தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். பொலன்னறுவையை ஆண்ட பராக்கிரமபாகுவின் மனைவி லீலாவதி. கணவர் காலமான பிறகு 1197-ல் அரியணை ஏறினார். இறக்கப்பட்டார். மறுபடி 1209-ல் ஏறினார். மறுபடி இறக்கப்பட்டு 1211-ல் மூன்றாவது தடவையும் ஏறினார்! எண்ணூறு வருஷம் கழித்து, கரூரில் ஒரு மர மேஜையில், ஏழாவது படிக்கிற பெண் அவர் பெயரை உரக்கப் படிக்கிறாள். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

ரோமானியக் காசுகளையும் காட்டினார். ரோமாபுரி என்றதும் தங்கக் காசை எதிர்பார்த்தேன். 1898-ல் புதுக்கோட்டைச் சீமையில் 501 தங்கக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன என்பது உண்மைதான். ஆனால் இவை உளுந்து வடைக்குப் போடும் மிளகைவிடச் சற்றே பெரிய, தேய்ந்த செப்புக் காசுகள். நான்காம், ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. எழுத்து அநேகமாக இருக்காது. அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது? தலையைப் பார்க்க வேண்டுமாம். கூந்தலில் முத்துக் கோத்த பட்டை கட்டியிருந்தால் கான்ஸ்டன்டைன் காலமோ அதற்குப் பிந்தியதோ. பின்பக்கம் ஈட்டி பிடித்த வீரனா, இறக்கை முளைத்த வெற்றித் தேவதையா, சிலுவையா என்று பார்த்து இன்னும் நெருங்கலாம். நாம் தூரத்தில் வருகிற பெண்ணைக் கொண்டை, புடவைக்கட்டை வைத்து இன்ன ஊர் என்று சொல்லிவிடுகிறோமே, அதே வித்தைதான்!

கடைசியாக ஒன்று. அதில் மூன்று ஆங்கில எழுத்துகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னியிருந்தன. வி, ஓ, சி. “வ.உ.சி. காசா!” என்று குதித்தாள் என் மகள். வாத்தியார் வயிறு குலுங்கச் சிரித்தார். அது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை. நாகப்பட்டினம், தூத்துக்குடி, பழவேற்காடு என்று நம் கரையோரம் வியாபாரம் செய்தவர்கள். காசிலேயே வருஷமும் போட்டிருக்கும். பழங்காலத்துக் காசு இல்லை, பதினெட்டாம் நூற்றாண்டுதான். ஆனாலும் குழந்தைகள் படித்துப் பழக இதைவிடச் சுலபமான காசு கிடையாது.

புறப்படும்போது வாத்தியார் கேட்டார்: “உங்க மாமனாருக்கு இது எந்த எடத்துல, எப்பக் கெடச்சுதுன்னு எழுதி வெச்சிருக்கீங்களா?”

“இல்லையே...”

“புளி போட்டதவிட அது பெரிய தப்பு அம்மிணி. எங்க கெடச்சதுன்னு தெரியாத காசு விலாசம் இல்லாத கடுதாசி. என் டப்பாவுலயே பாதி அப்படித்தான். வாங்கறப்பக் கேக்காம உட்டுட்டேன். இப்பக் கேக்க ஆளில்ல.”

மலை மேல் ஒரு பெயர்

திரும்பும் முன் அவர் சொன்னபடி வேலாயுதம்பாளையத்துப் புகழிமலைக்குப் போனோம். கரூரிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். மேலே முருகன் கோயில். பாறையில் சமண முனிவர்கள் தங்கிய படுக்கைகள். பக்கத்தில் தமிழ் பிராமிக் கல்வெட்டு. செங்காயபன் என்ற முனிவருக்கு உறைவிடம் செய்துகொடுத்ததைச் சொல்கிறது. கொடுத்தவர் இளங்கடுங்கோ, அப்பா பெருங்கடுங்கோ, தாத்தா கோ ஆதன் செல்லிரும்பொறை. சேரர் குலத்தில் மூன்று தலைமுறை! முனிவருக்கு இடம் கொடுத்தவர்கள், யார் பிள்ளை, யார் பேரன் என்று மறக்காமல் வெட்டி வைத்திருக்கிறார்கள். வெயிலில் வியர்த்து நின்றுகொண்டிருந்த எனக்கு வாத்தியார் கேட்ட கேள்வி திரும்பத் திரும்ப மனசில் வந்தது. கல்லிலே எழுத வேண்டாம், ஒரு துண்டுக் காகிதத்திலாவது நாம் எழுதினோமா?

நீங்களும் தொடங்கலாம்

வாத்தியாரிடம் கற்றதை வாசகிகளுக்காகச் சுருக்கித் தருகிறேன்.

1. விலை குறைந்த செப்புக் காசில் தொடங்குங்கள். தங்கம், வெள்ளி, ‘அபூர்வம்’ என்று யாராவது ஆசை காட்டினால் வேண்டாம். போலி அதிகம் வருவது அங்கேதான். விளிம்பைச் சுற்றி ஒட்டு வைத்த கோடு, மேலெல்லாம் ஊசிமுனைக் குமிழ் ஓட்டை, ஒன்றுபோலவே இரண்டு காசு இருந்தால் வார்ப்புப் போலி என்று சந்தேகப்படலாம்.

2. துலக்காதீர்கள்! புளி, எலுமிச்சை, உப்பு, விபூதி, பல்பொடி எதுவும் கூடாது. மண் ஒட்டியிருந்தால் வாலை நீரில் ஊறவைத்து, மெல்லிய பிரஷ்ஷால் லேசாக ஒற்றினால் போதும்.

3. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். முதலில் உருவம்: வில் என்றால் சேரர், புலி என்றால் சோழர், மீன் என்றால் பாண்டியர் என்று தொடங்கலாம். பிறகு எழுத்து. அதன் பிறகு எடை, அளவு. கைபேசியில் இரண்டு பக்கமும் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் பூதக்கண்ணாடிகூட வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்கச் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பகுதிக்குக் குழந்தைகளை ஒரு தரம் அழைத்துப் போங்கள்.

4. ஒவ்வொரு காசுக்கும் தனிக் காகித உறை. மெத்தென்ற, வாடையடிக்கும் பிளாஸ்டிக் ஆல்பம் செம்பைக் கெடுக்கும்.

5. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் காசு டப்பா எட்டாத உயரத்தில் இருக்கட்டும். இந்தச் சின்னக் காசுகள் தொண்டையில் சிக்குகிற அளவு. பழங்காலத்தில் ஈயத்திலும் காசு அடித்தார்கள். ஈயம் குழந்தைக்கு நஞ்சு. பச்சைக் களிம்பும் வாய்க்குப் போகக் கூடாது. காசைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவின பிறகே சாப்பாடு.

6. ஆற்றிலோ வயலிலோ தோண்டித் தேடாதீர்கள். புதையல் சட்டம் 1878-ம் வருஷத்திலிருந்தே இருக்கிறது. மண்ணில் புதைந்து கிடைக்கிற பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். தோண்டி எடுத்துவிட்டால் எந்த மண் அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற விவரம் அழிந்துவிடும். நான் ஒரு காசைத்தான் தேய்த்தேன். அது ஒரு ஊரையே தேய்க்கிற மாதிரி! 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. அமெரிக்காவிலிருக்கும் மகனுக்குப் பார்சலில் வைத்துவிடாதீர்கள்.

விலாசம் எழுதினோம்

திருச்சிக்கு வந்ததும் முதல் வேலையாக, மாமனார் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். “மாமா, இது சேரர் காசாம். ரெண்டாயிரம் வருஷத்துக் காசு. எங்கே கிடைச்சது, சொல்லுங்க” என்றேன்.

அவர் முகம் திரும்பிய விதத்தை நான் மறக்க மாட்டேன். இத்தனை வருஷத்தில் யாருமே கேட்காத கேள்வி!

“ஆத்துல வெள்ளம் வடிஞ்ச நேரம். எருமையக் குளிப்பாட்டப் போனேன். கால்ல ஏதோ குத்துச்சு...”

“எந்த வருஷம்?”

“வருஷம் யாருக்குத் தெரியும்? அணை கட்டறதுக்கு முன்னால. நாலாங்கிளாஸ் படிச்சேன்.”

மகள் கணக்குப் போட்டாள். அமராவதி அணை கட்டி முடித்தது 1957. தாத்தா பிறந்தது 1945. நாலாம் வகுப்பு என்றால் 1954 அல்லது 55! எந்தப் படித்துறைக்குக் கீழே, எந்த மரத்துக்கு நேரே என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினோம். அவர் அம்மா அந்தக் காசை அரைஞாண் கயிற்றில் கட்டிவிடப் பார்த்ததும், அவர் தர மறுத்து அழுததும்கூட வெளியே வந்தது. அந்த மாமியாரின் மாமியாரை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்த மாதிரி இருந்தது.

பிறகு அவரே பென்சிலைக் கேட்டு வாங்கினார். பார்வை மங்கியவர், காகிதத்தில் நிதானமாகக் கோடு இழுத்தார். வலது பக்கம் பார்த்த யானை. கீழே தொங்குகிற தும்பிக்கை. முதுகுக்கு மேலே மூன்று சின்ன அடையாளம். “எழுத்தான்னு தெரியல. ஆனா மூணு இருந்துச்சு. வெரலுக்குத் தெரியும்” என்றார். எழுபது வருஷம் தடவிய விரல்!

அந்தப் படத்தையும் காசோடு உறையில் வைத்திருக்கிறோம். மேலே என் மகள் முத்து முத்தாக எழுதினாள்: ‘சேரர் செப்புக் காசு. கரூர், அமராவதி ஆறு, 1954 அல்லது 1955. ஒரு பக்கம் வில், அம்பு. மறுபக்கம் யானை; அம்மா புளி போட்டுத் துலக்கியதால் அழிந்துவிட்டது.’

“அந்தக் கடைசி வரி வேண்டாமேடி!” என்று கெஞ்சினேன்.

“ஆராய்ச்சியில பொய் சொல்லக் கூடாதும்மா” என்றுவிட்டாள். மாமனார் சத்தமாகச் சிரித்தார். எண்பதாவது பிறந்த நாளன்று நான் பார்க்க விரும்பிய சிரிப்பு அதுதான். சில மாதம் தாமதமாக வந்தது, அவ்வளவே.

உங்கள் வீட்டிலும் மாமியாரின் சுருக்குப் பையிலோ, பாட்டியின் அஞ்சறைப் பெட்டியிலோ ஒரு பழங்காசு கிடக்கும். இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். துலக்காமல் பாருங்கள். எங்கே, எப்போது கிடைத்தது என்று அவர்களையே கேட்டு எழுதி வையுங்கள். காசு இன்னும் ஆயிரம் வருஷம் இருக்கும். கேட்டால் பதில் சொல்ல அவர்கள் இருக்க மாட்டார்கள்.